பயிற்சி பெற்றவர் விலகிவிட்டால் சங்கத்தில் என்ன மிஞ்சுகிறது?

கேள்வி (கொட்டாஞ்சேனை, செயலாளர்):
வணக்கம். பாடசாலைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் சிறிய சங்கம் எங்களுடையது. சம்பளம் பெறும் ஊழியர்கள் மூவர், ஏனையோர் தொண்டர்கள். நிதியுதவி வழங்குவோர் நடத்திய கணக்கியல் செயலமர்வுகளுக்கு எங்கள் எழுதுவினைஞரை அனுப்பினோம். அவர் நன்றாகக் கற்று, கூடுதல் சம்பளத்துக்கு வேறிடம் சென்றுவிட்டார். மார்ச் 31இல் முடிந்த ஆண்டின் கணக்காய்வுக்கு உறுதிச்சீட்டுகளை (ஒவ்வொரு செலவுக்கும் எழுதி வைக்கும் பதிவுத் தாள்களை) தேடி எடுப்பதே இப்போது பெரும்பாடாக இருக்கிறது. புதியவரையும் செயலமர்வுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி உண்டா?

பதில் 1 (வெள்ளவத்தை, ஓய்வுபெற்ற கணக்காளர்):
அனுப்புங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஒவ்வொரு உறுதிச்சீட்டுக்கும் தொடர் இலக்கம் இட்டு, பற்றுச்சீட்டை அதனுடன் இணைத்து, செலவின் நோக்கம், அனுமதித்தவரின் கையொப்பம், காசோலை இலக்கம் ஆகியவற்றை எழுதி, இலக்க வரிசையிலேயே கோவைப்படுத்தினால், நாளை வருபவர் எவரிடமும் கேளாமல் எதையும் எடுத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கிணக்கக் கூற்றை, அதாவது உங்கள் ஏட்டின் மீதியையும் வங்கி காட்டும் மீதியையும் ஒப்பிட்டு வேறுபாட்டை விளக்கும் தாளை, மாதந்தோறும் நிர்வாகக் குழுக் கூட்டத்தின் முதல் விடயமாக வையுங்கள். ஆறு மாதம் கடந்தும் வங்கிக்கு வராத காசோலை இருந்தால், அது ஏன் என்று குழுவே கேட்க வேண்டும். கேட்கும் பழக்கம் குழுவுக்கு இல்லாவிட்டால் எந்தப் பயிற்சியும் நிலைக்காது என்பது என் உறுதியான கருத்து.

பதில் 2 (தெஹிவளை):
ஊழியர் சேமலாப நிதியையும் கவனியுங்கள். சம்பளத்தில் ஊழியரின் 8 வீதமும் சங்கத்தின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்பட வேண்டும். தாமதித்தால் மேலதிகக் கட்டணம் உண்டு. இத்தகைய திகதிகள் ஒருவரின் நினைவில் மட்டும் இருந்தால், அவர் போகும்போது அவையும் போய்விடும்.

செயலாளர்:
நன்றி ஐயா. காசோலை எழுதுபவரே இணக்கக் கூற்றையும் தயாரிக்கலாமா? எங்களிடம் ஆட்கள் குறைவு.

பதில் 1:
கூடாது. சம்பளம் பெறாத குழு உறுப்பினர் ஒருவர், காசோலையில் கையொப்பமிடாதவராகப் பார்த்து, அதைத் தயாரிக்கட்டும். மாதத்துக்கு ஓரிரு மணித்தியாலம் போதும். அடுத்த நிதி விண்ணப்பத்தில், செயலமர்வுக் கட்டணத்துக்குப் பதிலாக, கணக்காளர் ஒருவர் சில மாதங்களுக்கு மாத முடிவில் உங்கள் அலுவலகத்துக்கே வந்து, உங்கள் ஏடுகளைக் கொண்டே புதியவருக்கும் பொருளாளருக்கும் சேர்த்துக் கற்பிப்பதற்கான செலவைக் கேளுங்கள்.