இசைக்காரங்களுக்கான ஸ்டாண்டப்னாங்க... உங்களுக்குச் சிரிப்பு வந்துச்சா?

காட்பாடி கீபோர்டு · ஞாயிறு இரவு 11.40
போன வாரம் ஓடிடியில வந்த அந்த ஒரு மணி நேர ஸ்டாண்டப் காமெடியைத்தான் சொல்றேன். பேரு வேணாம், விளம்பரத்தைப் பாக்காதவன் எவனும் இல்ல. இசைக்காரன் எழுதி இசைக்காரங்களுக்காகவே பண்ணதாம். சத்துவாச்சாரியில ஒரு ரிசப்ஷனை முடிச்சிட்டு நாங்க ஆறு பேரும் வேன்லயே போன்ல வெச்சுப் பாத்தோம். ரெண்டு தடவை சிரிச்சோம். அதுல ஒண்ணு, வேன் பள்ளத்துல எறங்கி எங்க பேட் வாசிக்கிற தம்பி தலை மேல இடிச்சப்ப.

பேஸ் கிட்டார் யாருக்கும் கேக்காது, டிரம்மருக்கு மூளை கம்மி, பாடகிக்குத் திமிர் ஜாஸ்தி. இதெல்லாம் நான் ஸ்கூல் ஆர்க்கெஸ்ட்ராவுல இருந்தப்பவே பழசு. நேத்து எங்களுக்கு நடந்ததைச் சொல்றேன். பாட்டு நடுவுல கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் எடுக்க நாலே செகண்ட்தான். அதுக்குள்ள கீபோர்டு அணைஞ்சு திரும்ப ஆன் ஆகி, நான் சுருதி மாத்தி வெச்சிருந்த டிரான்ஸ்போஸ் பூஜ்யத்துக்குப் போயிடுச்சு. பாடகர் பழைய சுருதியில சரணத்தை எடுக்கறாரு, நான் ரெண்டு கட்டை (சுருதி அளவு) தள்ளி நிக்கறேன். முன் வரிசையில மாப்பிள்ளையோட சித்தப்பா ரசிச்சு தலையாட்டறாரு. இந்த மாதிரி ஒண்ணாவது அந்த ஒரு மணி நேரத்துல இருந்துச்சா?

கஸ்பா ரசிகன் · ஞாயிறு 11.58
எனக்குப் பிடிச்சிருந்துச்சு பாஸ். நான் கேக்கறவன், வாசிக்கறவன் இல்ல. உங்க ஜெனரேட்டர் கதை உங்க வேன்ல இருந்த ஆறு பேருக்குப் புரியும். ஆறு பேருக்காக யாராச்சும் காசு போட்டு மேடை கட்டுவானா? பேஸ் கேக்காதுங்கறது பழசாவே இருக்கட்டும், எனக்குப் புரிஞ்சுது, சிரிச்சேன். அப்புறம், தம்புராவுக்குப் பதிலா சுருதி ஆப் (app) ஓட விட்ட போன்ல ஆலாபனை நடுவுல 'பர்சனல் லோன் வேணுமா சார்'னு கால் வருமே, அந்த இடத்துல எங்க வீட்டுல அம்மா கூடச் சிரிச்சாங்க. அம்மாவுக்குச் சுருதின்னா எங்க தெருவுல ஒரு பொண்ணு பேரு, அவ்ளோதான்.

தவில்வீடு · திங்கள் காலை 6.15
லோன் கால் நல்லா இருந்துச்சு, ஒத்துக்கறேன். அது அந்த ஆளுக்கே நடந்திருக்கும், சொல்ற முகத்துலயே தெரியுது. மத்ததெல்லாம் இரவல்.

ஒரே ஒரு உதாரணம். தவில்காரர் கதவைத் தட்டினா எப்படிக் கண்டுபிடிப்பே, தட்டற வேகம் ஏறிக்கினே போவும்னு ஒரு ஜோக். இது வெளிநாட்டுல டிரம்மரைச் சொல்றது. அங்க வேகம் ஓடுறது டிரம்மருக்கு அவமானம், அதனால வலிக்கும், அதனால சிரிப்பு வரும். எங்களுக்கும் காலப்பிரமாணம், அதாவது எடுத்த வேகம், ஓடினா அவமானம்தான். ஆனா கணக்கா வேகத்தை ரெட்டிச்சு மேல் காலம் போறது பெருமை. மேளத்துக்கு முன்னாடி ஒரு நாள் உக்காந்து கேட்டவனுக்கு இந்த வித்தியாசம் தெரியும். இவர் டிரம்மரை அழிச்சிட்டுத் தவில்னு எழுதிட்டாரு, அவ்ளோதான் வேலை.

தவில்காரனை எங்க கிள்ளணும்னு நான் சொல்றேன். விரலுக்கெல்லாம் கூடு மாட்டி, பத்து நிமிஷமா ஒரு கோர்வையை, கணக்குப் போட்ட சொல்லு வரிசையை, கட்டிக்கினு வருவோம். முடிக்கிற கடைசித் தீர்மானம், இன்னும் ஒரே ஆவர்த்தனம், ஒரு தாளச் சுத்துதான். அப்போ ஐயரு விரலை ஆட்டி 'கெட்டிமேளம் கெட்டிமேளம்'னுவாரு. அவ்ளோதான், அத்தனையும் கொட்டிக் கவுத்துடணும். தாலி கட்டி முடிஞ்சதும் விட்ட எடத்துல இருந்து எடுக்க முடியுமா? போன தை மாசம் எங்க அண்ணன் எடுத்தாரு. எல்லாரும் சாப்பாட்டுப் பந்திக்குப் போனப்புறம், காலி நாற்காலிங்களுக்கு முன்னாடி அந்தத் தீர்மானத்தை வெச்சு முடிச்சிட்டுத்தான் எழுந்தாரு.

சும்மா வந்தவன் · திங்கள் 8.02
கோட்டை உண்டு ராஜா இல்ல, ஆறு உண்டு தண்ணி இல்ல, கோயில் உண்டு சாமி இல்லன்னு நம்ம வேலூரைச் சொல்லுவாங்க. ஸ்டாண்டப் உண்டு சிரிப்பு இல்லன்னு அதோட சேத்துக்கலாம்.

காட்பாடி கீபோர்டு · திங்கள் 8.10
சாமி 1981லயே சத்துவாச்சாரியில இருந்து கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிட்டாரு தம்பி. உன் ஜோக்கும் இரவல், அதுவும் காலாவதி ஆனது.

கஸ்பா ரசிகன் · திங்கள் மதியம் 1.25
தவில்வீடு அண்ணா, உங்க அண்ணன் கதை சூப்பர். ஆனா அதை ஏன் அந்த ஆள் சொல்லணும்? அவர் வாசிச்சது கீபோர்டு. தெரியாததைச் சொன்னா இரவல்னு திட்டறீங்க, தவிலை விட்டிருந்தா நம்மளை மறந்துட்டான்னு திட்டியிருப்பீங்க. அப்புறம் வித்வானுங்க எல்லாரும் மேடையில ரசிகனைக் கிண்டல் அடிக்கலாம், மிருதங்கம் தனியா வாசிக்கிற தனி ஆவர்த்தனத்துல காபிக்கு எழுந்து போறான்னு அம்பது வருஷமா அடிக்கறீங்க. உங்களை ஒருத்தன் ஒரு மணி நேரம் அடிச்சா மட்டும் ஆராய்ச்சி.

காட்பாடி கீபோர்டு · திங்கள் 2.05
காபி ஜோக்குக்கு நான் பொறுப்பில்ல, ரிசப்ஷன்ல எங்களுக்குக் காபியே வராது.

கிண்டல் அடிச்சதுக்குக் கோவமே இல்ல. அடிக்கத் தெரியலங்கறதுதான் கோவம். 24வது நிமிஷத்தைப் போட்டுப் பாருங்க. மாமனார்கிட்ட மிஸ்ர சாபுல சண்டை போடறேன்னு சொல்லித் தாளம் போடறாரு. மிஸ்ர சாபு தகிட தகதிமி, மூணும் நாலும் ஏழு. அவர் கை தட்டறது எட்டு. நாலு சுத்து போடறாரு, நாலும் எட்டு. இசைக்காரங்களுக்கான நிகழ்ச்சியில ஏழு எட்டாவுது, எடிட்டிங்ல கூட ஒருத்தன் கவனிக்கல.

கஸ்பா ரசிகன் · திங்கள் 2.11
அதுவே ஜோக்கா இருந்தா? வாத்தியக்காரனுக்கே தாளம் தெரியலன்னு காட்டறதுக்குத் தெரிஞ்சே தப்பாப் போட்டிருக்கலாமே.

தவில்வீடு · திங்கள் 2.40
அப்படின்னா பக்கத்துல மிருதங்கத்தோட உக்காந்திருக்கிற தம்பி முழிச்சிருக்கணும். முழிச்சிருந்தா அதுதான் நிகழ்ச்சியிலேயே பெரிய சிரிப்பு. அவரும் பாவம் எட்டுக்கே வாசிக்கிறாரு.

பெட்டிக்காரர் · திங்கள் இரவு 9.30
எல்லாருக்கும் வணக்கம். நான் கூத்துக்கு ஆர்மோனியம் வாசிப்பவன், செய்யாறு பக்கம். நான் பெட்டியைத் தொட்டபோது செய்யாறும் வேலூரும் ஒரே வடாற்காடு, 1989ல்தான் பிரித்தார்கள். பேரன் இதைப் படித்துக் காட்டினான், அவன்தான் தட்டச்சு செய்கிறான்.

கஸ்பா தம்பி கேட்பது நியாயமான கேள்வி. ஆறு பேருக்குப் புரிவதை ஊருக்கு எப்படிச் சொல்வது? எங்கள் கூத்தில் கோமாளியாக வரும் கட்டியங்காரனைக் கேட்டால் சொல்வான். பாரதம் நடக்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் ராத்திரி பத்து மணிக்குத் திரை பிடித்தால் விடிகிற வரைக்கும் அவன்தான் சிரிக்க வைக்க வேண்டும். எதிரே ஊர் ஜனம். முதுகுக்குப் பின்னால் நாங்கள், பெட்டி, மிருதங்கம், சின்ன நாயனம் போன்ற முகவீணை. இரண்டு பக்கமும் சிரிக்க வேண்டும், எங்களில் ஒருத்தன் முகத்தைத் தூக்கினாலும் அவனுடைய அடுத்த பாட்டு கெட்டுப் போகும்.

எங்கள் செட்டுக் கட்டியங்காரர் ஒருவர் ராத்திரி இரண்டு மணிக்குத் தொண்டை கட்டிய நிலையில் என் பக்கம் திரும்பினார். “ஏம்பா பெட்டிக்காரரே, எத்தனை கட்டையில வெச்சிருக்கே?” என்றார். அஞ்சு என்றேன். “அஞ்சு கட்டையா! இன்னும் நாலு கட்டை அடுக்கிக் கொள்ளியும் வெச்சிடேன், பொழுது விடியறதுக்குள்ள காரியம் முடிஞ்சிடும்” என்றார். ஜனம் சுடுகாட்டுக் கட்டையை நினைத்துச் சிரித்தது. நாங்கள், தொண்டை போனவனுக்கு நான் சுருதியை இறக்காமல் இருந்ததற்குச் சிரித்தோம். ஒரே வார்த்தை. நான் அரைக் கட்டை இறக்கினேன், அவர் அடுத்த பாட்டை எடுத்தார்.

அந்தப் பிள்ளையை ரொம்பவும் திட்ட வேண்டாம். அவனுக்கு முதுகுக்குப் பின்னால் ஆள் இல்லை.

கஸ்பா ரசிகன் · திங்கள் 9.52
ஐயா, கட்டை ஜோக்கை அம்மாகிட்ட சொன்னேன், சிரிச்சிட்டு ராத்திரி நேரத்துல இன்னாடா பேச்சு இதுன்னு திட்டினாங்க. ஆனா ஒண்ணு. உங்க கட்டியங்காரருக்கு எதிர்ல இருக்கிறவங்க யாருன்னு தெரியும், ஒரே ஊர் ஆளுங்க. இவரு கேமராவைப் பாத்துப் பேசறாரு, மதுரையில பாப்பானா மலேசியாவுல பாப்பானான்னு தெரியாம. ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

காட்பாடி கீபோர்டு · திங்கள் 10.04
அதான் சொல்றேன், லோன் கால் மலேசியாவுலயும் புரியும். அந்த மாதிரி அவருக்கே நடந்ததை இன்னும் பத்து சொல்லியிருக்கலாம்ல? கீபோர்டு வாசிச்ச ஆளு, மண்டபத்துல மிச்சக் காசுக்கு நின்னிருப்பாருல்ல? 'சாப்ட்டுப் போங்க, நாளைக்குப் பாக்கலாம்'னு ஒரு மாமா சொல்லியிருப்பாருல்ல? அதை விட்டுட்டு எவனோ எழுதின டிரம்மர் ஜோக்.

சும்மா வந்தவன் · திங்கள் 10.20
நாயனத்துல குட்டையா திமிரி, நீளமா பாரின்னு ரெண்டு இருக்காமே. திமிரிங்கற ஊர்ல இருந்து வந்த நாயனக்காரர் பாரி வாசிச்சா என்ன சொல்றது? இது என் சொந்த ஜோக்.

தவில்வீடு · திங்கள் 10.22
சொந்தம்தான், தெரியுது.

கஸ்பா ரசிகன் · திங்கள் 11.35
24வது நிமிஷத்தை மறுபடி பாத்தேன், விரல் விட்டு எண்ணினேன். எட்டுதான். அந்த ஒண்ணுல நான் அவுட். ஆனா நிகழ்ச்சி எனக்கு இன்னும் பிடிச்சுதான் இருக்கு.

தவில்வீடு · திங்கள் 11.41
எண்ணத் தெரியுதுல்ல? நாளைக்குக் குடியாத்தத்துல முகூர்த்தம், எங்க தாளம் போடற பையனுக்கு ஜுரம். வேன் காலையில மூணரைக்கு கஸ்பா வழியாத்தான் போவுது, ரோட்டுக்கு வந்து நில்லுங்க.