பின் ஆக்சில் உள் பேரிங் எட்டு மாதத்தில் இரண்டு தடவை போய்விட்டது: 594 வாங்குவதா, 594ஏ வாங்குவதா?

ஆறு சக்கரம்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்து நானே ஓட்டுகிறேன். பின்னால் இரட்டை டயர், ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில் (சுமையைத் தாங்குவது ஹவுசிங், உள்தண்டு சக்கரத்தைச் சுற்ற மட்டும்). இடது பின் ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) உள் பேரிங் எட்டு மாதத்தில் இரண்டாவது தடவையாகப் போய்விட்டது.

முதலில் நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஒரு ஊளைச் சத்தம். அப்புறம் ஹப் கை வைக்க முடியாத சூடு. ஆயில் சீலும் கசிந்து பிரேக் லைனிங் வரை நனைந்துவிட்டது. ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் நன்றாக ஆட்டம் தெரிகிறது. இத்தனைக்கும் போன தடவை பேரிங் மாற்றிய பிறகு, அதைப் பிடித்திருக்கும் நட்டை மூன்று முறை திரும்ப இறுக்கியிருக்கிறேன். இறுக்கினால் சில நாள் சரியாக இருக்கும், பிறகு மறுபடி ஆட்டம்.

இப்போது கழற்றிப் பார்த்தேன். உள் பேரிங்கின் ரோலர்களில் செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. ரோலர்களோடு கூடிய உள்வளையமான கோன் மேல் 594 என்றும் வெளிவளையமான கப் மேல் 592ஏ என்றும் இருக்கிறது. வெளி பேரிங்கின் கோன் 580, கப் 572. அது பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

கடையில் 594 இல்லை, 594ஏ இருக்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்கிறார்கள். இன்னொரு கடையில் 95 மில்லிமீட்டர் துளையுள்ள மெட்ரிக் பேரிங் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். எதை வாங்குவது? கோன் மட்டும் மாற்றினால் போதுமா? பொருளை வாங்கிவிட்டு மறுபடி எட்டு மாதத்தில் இதே இடத்தில் நிற்க எனக்குத் தெம்பில்லை.

பட்டறை மேசை:

தம்பி, முதலில் மெட்ரிக் பேச்சை விட்டுவிடுங்கள். உங்களுடையது அங்குல அளவுப் பேரிங். 594 வரிசைக் கோனின் உள்துளை 95.25 மி.மீ., அதாவது மூன்றே முக்கால் அங்குலம். 592ஏ கப்பின் வெளிவிட்டம் 152.4 மி.மீ., சரியாக ஆறு அங்குலம். சேர்த்து வைத்தால் மொத்த அகலம் 39.688 மி.மீ. மெட்ரிக்கில் 95 மி.மீ. துளைக்கு 32219 என்று ஒன்று உண்டு. அதன் வெளிவிட்டம் 170, அகலம் 45.5. உங்கள் ஹப்புக்குள் அது போகவே போகாது. வெளிவிட்டம் ஒத்து வருகிற வேறொன்று கிடைத்தாலும், துளையில் கால் மில்லிமீட்டர் குறைவு. அதை ஏற்றுவதற்காக ஸ்பின்டிலை, அதாவது கோன் உட்காரும் ஆக்சில் முனையை, தேய்க்கச் சொல்வார்கள். தேய்த்த ஸ்பின்டில் தேய்த்ததுதான், திரும்ப வராது.

கோன், கப் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கப்பின் ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத குழி இருந்தாலும் புதிய ரோலரை அது தின்றுவிடும். ஒரே தயாரிப்பாளரின் கோனும் கப்புமாக இருந்தால் நல்லது. 592ஏ கப்புக்கு வெளிவிட்டம் ஒன்றாக இருக்கிற வேறு கப்புகளும் உண்டு. உதாரணமாக எச்எம்518410 கப்புக்கும் 152.4 மி.மீ.தான். ஆனால் அதன் ஜோடி எச்எம்518445 கோன், அதன் துளை 88.9. ஹப்பில் அழகாக உட்காருகிறதே என்று கப்பை மட்டும் மாற்றிப் போட்டுவிடக் கூடாது, சாய்வுக் கோணம் வேறு. கோன் எண், கப் எண் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு, பெட்டியைத் திறந்து, பேரிங் மேலேயே படித்துப் பார்த்து வாங்குங்கள். பெட்டி மேல் இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

சரி, ஒரு கேள்வி. 594 என்பது வண்டியோடு வந்த எண்ணா, போன தடவை மாற்றியவர்கள் போட்டதா?

டீசல் வாசம்:

594, 594ஏ இரண்டும் ஒன்றுதான் சகோ. கடைசியில் வருகிற எழுத்தெல்லாம் கம்பெனிக் குறி. நான் 32310 வாங்கும்போது ஒரு கம்பெனியில் ஜே2 என்று இருக்கும், இன்னொன்றில் வேறு எழுத்து இருக்கும். எல்லாம் மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. நட்டைச் சரியாக இறுக்காததுதான் உங்கள் பிரச்சினை.

பழைய ஸ்பானர்:

டீசல் வாசம் சொல்வது மெட்ரிக் பேரிங்கில் பாதி உண்மை. அங்கேயும் எல்லா எழுத்தையும் அப்படித் தள்ள முடியாது. 32310க்கும் 32310பிக்கும் வெளி அளவுகள் மூன்றும் ஒன்று: 50, 110, 42.25. பி என்றால் சாய்வுக் கோணம் அதிகம். ஒன்றின் கோனை மற்றதன் கப்பில் போட்டால் ரோலர் முழு நீளத்துக்கும் உட்காராது, ஒரு ஓரம் மட்டும் சுமை தாங்கும். 30310, 31310 இரண்டும் இதே கதை. அளவு ஒன்று, கோணம் வேறு. வெர்னியர் வைத்து அளந்து "அதே சைஸ்" என்று வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அங்குல வரிசையில் எழுத்துக்கு வேறு பொருள் உண்டு, தம்பியின் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். 594க்கும் 594ஏவுக்கும் துளை ஒன்று, அகலம் ஒன்று, கப்பும் ஒன்று. வேறுபடுவது கோனின் பின்முக உள்மூலை வளைவு. 594 ஏற்கக்கூடிய ஸ்பின்டில் மூலை வளைவு 3.5 மி.மீ. 594ஏ 5 மி.மீ. வரை ஏற்கும்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஸ்பின்டிலைப் பாருங்கள். கோன் வந்து முட்டி நிற்கிற தோள் இருக்கிறதல்லவா, அந்தத் தோளும் தண்டும் சேரும் மூலை கூர்மையாக இருக்காது, வளைத்துவிட்டிருப்பார்கள். கூர்மையாக விட்டால் அங்கேதான் விரிசல் தொடங்கும். அந்த வளைவு 5 மி.மீ.க்குச் செய்யப்பட்டிருந்து, நீங்கள் 3.5 மி.மீ. கோனைப் போட்டால், கோன் தோளைத் தொடாது. வளைவின் மேலேயே ஏறி நின்றுவிடும். நட்டை இறுக்கும்போது இறுகியது போலவே இருக்கும், ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் கூட நல்ல அளவு காட்டும். சுமையோடு ஓட ஓடக் கோன் அந்த வளைவை அமுக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஆட்டம் வரும். நீங்கள் இறுக்குவீர்கள். மறுபடி போகும். நீங்கள் எழுதியிருப்பது அச்சாக இதுதான்.

மாறாக, சிறிய வளைவுள்ள ஸ்பின்டிலில் 594ஏ போட்டால் இந்தத் தொல்லை வராது. தோளில் உட்காரும் பரப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவே.

இரண்டு வேலை செய்யுங்கள். வலது ஹப்பைத் திறந்து அங்கே என்ன எண் என்று பாருங்கள். இடது ஸ்பின்டிலைத் துடைத்துவிட்டு, தோளில் மெல்லிசாக நீலச் சாயம் தடவி, பழைய கோனைக் கையால் தள்ளி உட்கார வைத்து எடுங்கள். சாயம் கோனின் பின்முகத்தில் ஒட்டவில்லை என்றால் நான் சொன்னதுதான் காரணம். 0.05 மி.மீ. தடிமனுள்ள ஃபீலர் கேஜ் தகடு தோளுக்கும் கோனுக்கும் நடுவில் போகிறதா என்றும் பாருங்கள். போகக் கூடாது.

டீசல் வாசம்:

அண்ணே, மூலை வளைவு விஷயம் எனக்குத் தெரியாது. நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

ஆறு சக்கரம்:

அண்ணே, இன்று முழுக்க அதே வேலை. வலது பக்கம் 594ஏ! அதைப் போன தடவை யாரும் தொடவில்லை, வண்டியோடு வந்தது. இடது பக்கம் சாயம் ஒட்டவே இல்லை. ஃபீலர் தகடு சுற்றிலும் உள்ளே போகிறது. அது மட்டுமல்ல, ஸ்பின்டில் மூலை வளைவின் நடுவில் ஒரு பளபளப்பான வளையம் விழுந்திருக்கிறது, தோளில் பழைய கறுப்பு அப்படியே இருக்கிறது. பேரிங் ஒரு நாள் கூட அந்தத் தோளைத் தொட்டதில்லை என்று அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

போன தடவை மாற்றிய பட்டறையிலும் இதே "இரண்டும் ஒன்றுதான்" பேச்சுதான். மூன்று தடவை நட்டை இறுக்கியது நான். ஒரு தடவையாவது ஏன் தளர்கிறது என்று கேட்டிருக்க வேண்டும்.

இப்போது 594ஏ, 592ஏ வாங்கிவிட்டேன். அந்த வளையத் தழும்பு இருக்கலாமா? ஸ்பின்டிலில் கோன் கையாலேயே சறுக்கிக்கொண்டு போகிறது, அது தளர்வா? வெளி பேரிங்கையும் மாற்ற வேண்டுமா?

பழைய ஸ்பானர்:

கோன் கையால் போக வேண்டும், அது சரிதான். இந்த அமைப்பில் ஸ்பின்டில் நிற்கிறது, ஹப் சுற்றுகிறது. சுமை எப்போதும் ஸ்பின்டிலின் ஒரே பக்கத்தில்தான் விழுகிறது. அதனால் கோனுக்கு நெருக்கம் தேவையில்லை, சரிசெய்யும்போது அது நகரவும் வேண்டும். கப் ஹப்போடு சேர்ந்து சுற்றுகிறது. அதன் சுற்றளவு முழுக்கச் சுமை மாறி மாறி வரும். அதனால் கப் ஹப்பில் இறுக்கமாக அமர வேண்டும். புதிய கப் கையால் உள்ளே போனால் ஹப் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பஞ்ச் அடித்துப் புள்ளி வைப்பார்கள், வெல்டிங் பொட்டு வைப்பார்கள். இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹப் மாற்ற வேண்டியதுதான்.

தழும்பைப் பொறுத்தவரை, விரல் நகம் மாட்டுகிற பிசிறு இருந்தால் மெல்லிய எமரி தாளால் பிசிறை மட்டும் எடுங்கள், வளைவின் உருவத்தை மாற்றாதீர்கள். பிறகு சிவப்புச் சாயம் போட்டுப் பார்க்கும் விரிசல் சோதனையைக் கட்டாயம் செய்துவிடுங்கள். சுமை ஏறி வளைகிற மூலை அது. விரிசல் தெரிந்தால் பேரிங் பேச்சே வேண்டாம், ஸ்பின்டிலைத்தான் பார்க்க வேண்டும். புதிய கோனைப் போட்டு நீலச் சாயச் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். இந்தத் தடவை பின்முகம் முழுக்க வளையமாக ஒட்ட வேண்டும்.

வெளி பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் பாருங்கள். உள் பேரிங்கிலிருந்து பெயர்ந்த செதில்கள் ஆயிலோடு அங்கேயும் போயிருக்கும். ரோலரில் ஒரு கீறல், கப்பில் ஒரு குழி, நீலம் பாய்ந்த சூட்டு நிறம், இவற்றில் எது இருந்தாலும் மாற்றுங்கள். நானாக இருந்தால் பார்க்காமலே மாற்றுவேன். மாற்றினால் அங்கேயும் எண்ணைக் கவனியுங்கள்: 580, 582 இரண்டுக்கும் துளை 82.55தான், உள்மூலை வளைவு வேறு. உங்களிடம் இருப்பது 580, அதையே வாங்குங்கள்.

பட்டறை மேசை:

கப்பை ஏற்றும்போது அதன் முகத்தில் சுத்தியலால் அடிக்காதீர்கள். பிரஸ் இல்லையென்றால் பழைய கப்பின் வெளிப்பக்கத்தைக் கொஞ்சம் கிரைண்டரில் தேய்த்துவிட்டு, அதையே தள்ளுகட்டையாக வைத்துத் தட்டலாம். அடியில் உட்கார்ந்ததும் சத்தம் மாறும். ஆனால் சத்தத்தை நம்பி விட்டுவிடாமல் அங்கேயும் ஃபீலர் தகடு வையுங்கள்.

சீல் கசிந்ததற்கு ஆட்டம்தான் காரணமாக இருக்கும். ஆனாலும் ஆக்சில் ஹவுசிங் மேல் இருக்கும் மூச்சு வால்வைக் கழற்றி ஊதிப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் உள்ளே சூட்டில் அழுத்தம் ஏறி, புதிய சீலையும் தள்ளிவிடும். ஆயில் நனைந்த லைனிங்கைத் துடைத்துத் திரும்பப் போடக் கூடாது, மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. டிஃபரன்ஷியல் ஆயிலே ஹப்புக்கு வந்து பேரிங்கை நனைக்கிற அமைப்பு உங்களுடையது. அதில் பேரிங்குக்குள் கிரீஸ் அடைக்காதீர்கள். ஆயில் போகும் வழியை அது மறித்துவிடும். அதே கியர் ஆயிலைத் தடவிப் போட்டால் போதும். பூட்டி முடித்ததும் வலது பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இடது ஹப்புக்கு ஆயில் இறங்கச் சில நிமிடம் விடுங்கள். அப்புறம் இடதைத் தூக்கி வலதுக்கு விடுங்கள். பிறகு சமதரையில் வைத்து ஆயில் மட்டம் பார்த்து ஊற்றுங்கள். காய்ந்த பேரிங்கோடு கிளம்பினால் முதல் சில கிலோமீட்டரிலேயே சேதம் ஆகிவிடும்.

ஆறு சக்கரம்:

விரிசல் சோதனை செய்தாயிற்று, விரிசல் இல்லை. கப் இறுக்கமாகத்தான் உட்கார்ந்தது. மூச்சு வால்வு முழுக்க அடைத்திருந்தது, நல்லவேளை சொன்னீர்கள். நட்டை எவ்வளவு இறுக்குவது? இதுவரை "இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்து" என்று கேட்டதை வைத்துத்தான் செய்திருக்கிறேன்.

பழைய ஸ்பானர்:

கால் சுற்று எல்லா நட்டுக்கும் பொருந்தாது. மரையின் நெருக்கத்தைப் பொறுத்து அது மாறும். அமெரிக்க லாரித் துறையின் டிஎம்சி அமைப்பு, கையால் சரிசெய்யும் ஹப்புகளுக்கு ஆர்பி618 என்று ஒரு முறை வகுத்திருக்கிறது. அதன் சாரம் இது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உள் நட்டை 200 பவுண்டு-அடிக்கு, அதாவது சுமார் 271 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ரோலர்கள் இடத்தில் உட்காருவதற்காக இது. பிறகு ஒரு முழுச் சுற்று தளர்த்துங்கள். மறுபடி சுற்றிக்கொண்டே 50 பவுண்டு-அடி, சுமார் 68 நியூட்டன் மீட்டர். அதன் பிறகு எவ்வளவு பின்னால் திருப்புவது, அதன் மேல் பூட்டும் லாக் நட்டுக்கு எவ்வளவு என்பதை உங்கள் ஆக்சில் கையேட்டில் பாருங்கள். கையேட்டில் வேறு அளவு இருந்தால் கையேடு சொல்வதுதான் கணக்கு.

லாக் நட்டையும் இறுக்கிய பிறகு ஹப்பில் டயல் கேஜ் வைத்து, ஹப்பை உள்ளே தள்ளி, வெளியே இழுத்து அளந்து பாருங்கள். 0.025 முதல் 0.127 மி.மீ. வரை இருக்க வேண்டும். முள் அசையவே இல்லை என்றால் அதுவும் தவறுதான், பேரிங் அழுத்தத்தில் இருக்கிறது, சூடாகிச் சாகும். டயர் மாட்டாமல் அளந்தால் கை சுளுவாக இருக்கும்.

ஆறு சக்கரம்:

வெளி பேரிங்கையும் சேர்த்து மாற்றிவிட்டேன். நீலச் சாயம் கோனின் பின்முகம் முழுக்க வட்டமாக ஒட்டியது, அதைப் பார்த்தபோது வந்த நிம்மதியைச் சொல்லத் தெரியவில்லை. டயல் கேஜில் 0.08 வந்தது.

காலி வண்டியாக முதலில் ஓட்டிப் பார்த்தேன், அப்புறம் முழுச் சுமையில் நானூறு கிலோமீட்டர். நிறுத்தும் இடத்தில் எல்லாம் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பார்த்தேன், ஒரே வெதுவெதுப்பு. ஊளை இல்லை. இன்று காலை மறுபடி டயல் கேஜ் வைத்தேன். அதே 0.08.

பழைய ஸ்பானர்:

நல்லது தம்பி. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் இன்னொரு முறை அளந்துவிடுங்கள். இரண்டு பக்கத்து எண்களையும் எழுத்தோடு சேர்த்து வண்டிக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள்: உள்ளே 594ஏ, 592ஏ. வெளியே 580, 572.

ஆறு சக்கரம்:

எழுதிவிட்டேன் அண்ணே. கதவின் உள்பக்கத்திலும் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறேன், "ஏ" எழுத்தைப் பெரிதாக.