சத்திரத்துக்கு ஜெர்மன் பெயிண்ட் வேண்டாம், சுண்ணாம்பு போதும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

வணக்கம். சத்திரத்துக்கு வெள்ளை அடிக்கும் விஷயத்தில் இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. பல வருட உத்தரவாதத்தோடு வருகிற வெளிப்புற எமல்ஷனை அடித்துவிடலாம் என்கிறார் செயலாளர் அண்ணன். ஷார்ஜாவில் இருக்கும் தம்பியோ, "அக்கா ஜெர்மனியில்தானே இருக்கிறாங்க, அங்கேயிருந்து மினரல் பெயிண்ட் வாங்கி அனுப்பச் சொல்லலாமே" என்று எழுதியிருக்கிறான். பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதுதான் இங்கே என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். எமல்ஷன் கூடவே கூடாது. ஜெர்மன் சரக்கு நல்ல சரக்குதான், ஆனால் நம் சத்திரத்துக்கு அது தேவையில்லை.

போன வாரம் வந்த படங்களை நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். திண்ணைக்கு மேலே முழங்கால் உயரத்துக்குப் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நிற்கிறது. ஓரிடத்தில் யாரோ பிய்த்துவிட்டிருக்கிறார்கள். உள்ளே வெள்ளை வெளேரென்று உப்பு பூத்திருக்கிறது, அதற்குப் பின்னால் காரை மாவாக உதிர்கிறது. காரை உதிர்ந்த இடத்தில் செங்கல்லின் முகமும் தேய ஆரம்பித்துவிட்டது.

சத்திரம் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. ஓதத்தைத் தடுக்க அடித்தளத்தில் எதுவும் கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறத்தான் செய்யும். சுண்ணாம்பு அடித்த சுவரில் அது அப்படியே வெளியே வந்து காற்றில் காய்ந்துவிடும். நம் ஊர் வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்? எமல்ஷன் அடித்தால் சுவர்மேல் ஒரு பிளாஸ்டிக் படலம் உட்கார்ந்துகொள்கிறது. ஈரம் அதன் பின்னால் தேங்குகிறது, கூடவே கரைந்து வந்த உப்பு அங்கேயே படிகமாகிறது. படிகம் வளர வளரக் காரையை உள்ளேயிருந்து தள்ளி உடைக்கிறது. வெளியேற வழி கிடைக்காத ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. போன தடவை வேலை எடுத்தவர் அடிச்சுவரில் சிமெண்ட் பூசி, அதன்மேல் வாட்டர்ப்ரூஃப் அடித்துவிட்டுப் போனாரே, கணுக்கால் உயரத்தில் இருந்த ஓதம் முழங்காலுக்கு வந்தது அதற்கப்புறம்தான்.

உப்பு எங்கிருந்து வருகிறது என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்று நிலத்தடி நீரைக் கெடுத்த வழக்கு 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரைக்கும் போனது. நம் கிணறுகள் அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், வாயில் வைத்தால் கரிக்கிற போர் தண்ணீரில் சுண்ணாம்பு நீற்றாதீர்கள், சுவரையும் நனைக்காதீர்கள். குடிக்கிற தண்ணீரை லாரியில் வாங்கி ஊற்றினாலும் செலவு பெரிதில்லை.

சரி, ஜெர்மன் பெயிண்டுக்கு வருகிறேன். 1878இல் அடோல்ஃப் வில்ஹெல்ம் கைம் என்பவர் இங்கே பவேரியாவில் காப்புரிமை வாங்கிய சிலிக்கேட் பெயிண்ட் அது. பசைக்குப் பதிலாகப் பொட்டாசியம் சிலிக்கேட் கரைசல் இருக்கும். அது காரையோடு வேதிவினை புரிந்து கல்லோடு கல்லாகிவிடும், மேலே படலமாக நிற்காது. சுவிட்சர்லாந்தில் ஸ்விட்ஸ் நகர மன்றக் கட்டடத்தின் சுவரோவியங்களை 1891இல் இந்த முறையில்தான் தீட்டினார்கள். ஒரே டப்பாவில் இன்று வருகிற வகையில் பிளாஸ்டிக் மாதிரியான கரிமப் பொருள் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஜெர்மன் தரநிலையே இருக்கிறது. எந்தப் பெயிண்டை யார் "மூச்சுவிடும்" என்று விற்றாலும் அதன் தகவல் தாளில் எஸ்டி (sd) மதிப்பை, அதாவது நீராவி வெளியேற அது எவ்வளவு தடையாக இருக்கும் என்று காட்டுகிற எண்ணைக் கேளுங்கள். 0.14 மீட்டருக்குக் கீழே இருந்தால் நீராவியைத் தாராளமாக விடும் என்று அர்த்தம். அந்த எண்ணைக் காட்டாமல் விளம்பரத் தாளை மட்டும் நீட்டுகிற கடைக்காரரை நம்ப வேண்டாம்.

இவ்வளவு நல்ல பொருளை ஏன் வேண்டாம் என்கிறேன்? பழைய எமல்ஷன்மேல் அசல் சிலிக்கேட் பிடிக்காது. மொத்தத்தையும் சுரண்டிக் காரையை வெளியே கொண்டுவந்தாக வேண்டும். அவ்வளவு பாடுபட்டுச் சுரண்டிய பிறகு அதே சுவரில் சுண்ணாம்பே அழகாகப் பிடிக்கும்! மேலும் அது கடுமையான காரக் கரைசல். ஜன்னல் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தெறித்தாலும் அரித்த தடம் போகாது, முகப்புக் கல்தூண்களிலும் கறை நிற்கும். நாளைக்கு ஓரிடம் பெயர்ந்தால் அதே பெயிண்டுக்கு எங்கே போவது? சுண்ணாம்பு என்றால் பொங்கலுக்குப் பொங்கல் நம் ஊர் ஆளே ஒரு கை அடித்துவிட்டுப் போய்விடுவார். மழை நேராக அறைகிற மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரில் மட்டும் சுண்ணாம்பு சீக்கிரம் கரையும். அங்கே வேண்டுமானால் சிலிக்கேட்டைப் பிறகு யோசிக்கலாம்.

சுண்ணாம்பு என்றதும் கடையில் பொடிப் பாக்கெட் வாங்கி, வாளியில் கலக்கி, ஃபெவிகால் ஊற்றி அடிப்பதைச் சொல்லவில்லை. பசையை ஊற்றினால் அடைக்கிற வேலை மறுபடியும் ஆரம்பமாகும். கல் சுண்ணாம்பை டிரம்மில் நீற்றி, சில வாரமாவது தண்ணீருக்கடியில் ஊறவிட வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண் பத்திரம். துணியில் வடிகட்டிப் பால் பதத்துக்குக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு மெல்லிசாக நாலு கோட், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நாள். அடிக்கும்போது சுவரில் ஒன்றுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுத்துக்கொண்டு வரும். இது தெரியாத ஆட்கள் வெளுப்பு வரவில்லையென்று கெட்டியாக அப்பிவிடுவார்கள், அது ஒரே மாதத்தில் ஏடு ஏடாக உரியும். ஒட்டுவதற்காக உப்புப் போடுகிற பழக்கமும் உண்டு, ஓதச் சுவருக்கு அது வேண்டவே வேண்டாம். உதிர்ந்த காரையைச் சுண்ணாம்பும் மணலும் கொண்டே பூச வேண்டும். கடுக்காய்த் தண்ணீர் சேர்க்கத் தெரிந்த பெரிய கொத்தனார் யாராவது இருந்தால் விடாதீர்கள். ஜவ்வாது மலையில் கிடைக்கிற கடுக்காய்தான், நம் பக்கத்தில் தோல் பதனிடவும் போனது அதுதான்.

அப்புறம், நாள். குடியாத்தம் சிரசுத் திருவிழாவுக்கு எல்லோரும் வருகிறோம், அதற்குள் முடியட்டும் என்று சித்திரையில் ஆரம்பிக்கப் பார்க்கிறீர்கள். சுண்ணாம்பு ஈரத்தோடு இருந்து காற்றில் உள்ள கரியமில வாயுவை இழுத்தால்தான் இறுகும். சித்திரை வெயிலில் அரை மணியில் காய்ந்து, தொட்டால் கையெல்லாம் வெள்ளையாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவர் உலர்ந்ததும் தை, மாசியில் அடிப்பதுதான் சரி. திருவிழாவுக்குச் சுவர் சுரண்டிய கோலத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

கதவு ஜன்னல்களில் இருக்கும் பழைய எனாமலை மெஷின் வைத்துத் தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்ட் தூசியில் ஈயம் இருக்கலாம், மாலையில் பிள்ளைகள் படிக்க வருகிற இடம்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் தெருப் பக்கம் பாருங்கள். சிமெண்ட் ரோடு போடப் போடத் தெரு உயர்ந்து, மழைத்தண்ணீர் சத்திரத்துச் சுவரடியில்தான் நிற்கிறது. முதல் பணம் அங்கே ஒரு வடிகாலுக்கும், அடிச்சுவர் சிமெண்ட் பூச்சை உடைத்து எடுப்பதற்கும் போகட்டும். பெயிண்டுக்கு என்று வசூலித்ததை இதற்குச் செலவழித்தால் யாரும் கேட்கப்போவதில்லை. கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.

ஊரில் இருப்பவர்கள் யாராவது வடக்குச் சுவரில் ஒரு கை அகலம் சுரண்டி, தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சட்டென்று உறிஞ்சினால் காரை வந்துவிட்டது, முத்து முத்தாக நின்றால் இன்னும் பெயிண்ட் இருக்கிறது. அந்தப் படத்தை அனுப்பினால் எவ்வளவு சுரண்ட வேண்டும், எவ்வளவு சுண்ணாம்பு தேவைப்படும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன். அதுவரைக்கும் எமல்ஷனுக்கு யாரிடமும் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம், அண்ணே.