கயிற்றுருண்டைக்காக நாற்பது மைல் சுற்றியவர்கள் உண்டா?

அமெரிக்காவில் டென்வரிலிருந்து கான்சஸ் சிட்டிக்குக் காரில் போனோம். ஐ-70 விரைவுச்சாலையைப் பிடித்தால் ஒரே நாள். என் மனைவிதான் வடக்கே ஒதுங்கி நெடுஞ்சாலை 24-ல் போகலாம் என்றாள். காரணம், கான்சஸ் மாநிலத்துக் காக்கர் சிட்டி. ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர். சாலையோரம் ஒரு கூரை, அதன் கீழே உலகத்திலேயே பெரியது என்று சொல்லப்படும் கற்றாழை நார்க் கயிற்றுருண்டை.

வைக்கோல் கட்டிய கயிற்றின் துண்டுகள் கொட்டகையில் சேர்ந்துகொண்டே போனதால், ஃபிராங்க் ஸ்டோபர் என்ற விவசாயி 1953-ல் சுற்றத் தொடங்கினார். 1961-ல் ஊருக்கே கொடுத்துவிட்டார். 1974-ல் அவர் காலமான பிறகும் ஊர் விடவில்லை; ஆண்டுதோறும் ஆகஸ்டில் கூடிச் சுற்றுகிறார்கள்.

தொட்டால் தேங்காய் நார் போல உள்ளங்கையைச் சுரண்டுகிறது. உருண்டை என்பது பேச்சுக்குத்தான். பிசைந்து வைத்த மாவு சற்று நேரத்தில் சப்பிப்போகுமே, அதுபோலத் தன் எடை தாங்காமல் அடி பெருத்து உட்கார்ந்திருக்கிறது. பராமரிக்கும் அம்மா எங்களுக்கும் கொஞ்சம் கயிறு கொடுத்தார். பழைய நுனியோடு முடிச்சுப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துச் சுற்றி வந்தோம். இரண்டாம் சுற்று முடிவதற்குள் எங்கள் கயிறு எது, ஊர்க் கயிறு எது என்று தெரியவில்லை.

மினசோட்டாவின் டார்வினிலும் ஒன்று உண்டு. பிரான்சிஸ் ஜான்சன் 1950 முதல் 29 ஆண்டுகள் தனியாளாகச் சுற்றியது. 12 அடி விட்டம், 17,400 பவுண்டு. உழைப்பு என்று பார்த்தால் அதுதான் பெரியது. ஆனால் அது தடுப்புக்குள் இருக்கிறது. பார்க்கலாம், தொட முடியாது. எனக்குக் காக்கர் சிட்டிதான்.

நீங்கள் இப்படி வழிமாறிப் போன கதை இருந்தால் எழுதுங்களேன்.

—

நெப்ராஸ்காவில் அலையன்ஸ் ஊருக்கு வெளியே கார்ஹெஞ்ச் பார்த்தேன். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் போலவே வட்டம், ஆனால் கல்லுக்குப் பதில் பழைய கார்கள். ஜிம் ரைண்டர்ஸ் என்பவர் 1987-ல் தன் தந்தையின் நினைவாக உறவினர்களைக் கூட்டிவைத்து நிறுத்தியது. புகைப்படத்தில் பார்த்தபோது வெறும் விளையாட்டு என்று நினைத்தேன். மூக்கை மண்ணில் புதைத்து நிற்கும் அந்தச் சாம்பல் நிறக் கார்களுக்கு நடுவே, ஆள் அரவமில்லாத மாலையில் நின்றபோது சிரிப்பு வரவில்லை. தொடக்கத்தில் ஊராரே இதை அகற்றச் சொன்னார்களாம். இன்று ஊருக்கு முகவரியே அதுதான். கொளுத்தும் வெயிலில் போகாதீர்கள், ஒதுங்க நிழல் கிடையாது.

—

தெற்கு டகோட்டாவில் மிட்சல் நகரத்துச் சோள மாளிகைக்குச் செப்டம்பரில் போய் ஏமாந்தேன். மக்காச்சோளக் கதிர்களால் ஆன அதன் சுவர்ச் சித்திரங்களை ஆண்டுதோறும் புதிதாக மாற்றுகிறார்கள். நான் போனது அந்த மாற்றும் வேளை. பாதிச் சுவர் கறுப்புத் தாளோடு நின்றது. எந்த இடத்தில் எந்த நிறக் கதிர் என்று அதில் குறித்திருந்தார்கள். மக்காச்சோளக் கதிரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, தட்டைப் பக்கத்தை உள்ளே வைத்து ஆணியடிக்கிறார்கள். அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். முடிந்த சுவரைப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் கிளம்பியிருப்பேன். ஒருபுறம் ஆணியடித்துக்கொண்டிருக்க, மறுபுறம் குருவிகள் கொத்திக்கொண்டிருந்தன.