உதவி: கோல் சைன் கொடிகளைக் கரையில் வாசிக்க முடியவில்லை (திருகோணமலை உள் துறைமுகம்)

வெண்பாய்:
9 மீற்றர் யாட், ஒற்றைப் பாய்மரம், உள் துறைமுகத்தில் நங்கூரத்தில் நிற்கிறது. கோல் சைன் (படகின் அடையாளக் குறி) மாதிரிக்கு 4, ரோமியோ (R), டெல்டா (D), டெல்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். கைவசம் 40 கொடியுள்ள ஒரே செட், அதில் டெல்டா ஒன்றுதான். இரண்டாவது டெல்டாவுக்கு, மேலே உள்ள ஒரு கொடியைத் திரும்பக் குறிக்கும் சப்ஸ்டிட்யூட் கொடிகளில் மூன்றாவதைக் கட்டினேன், திரும்பவேண்டியது மேலிருந்து மூன்றாவது கொடிதானே. ஏற்றினது வலப்பக்க ஸ்பிரெடரில் (பாய்மரத்தின் குறுக்குக் கை), எழுத்துக் கொடி 30 × 45 செ.மீ. கிழக்குக் கரையில் 7×50 பைனாக்குலரோடு நின்றவர் கடைசிக் கொடி பொருந்தவில்லை என்கிறார். கச்சான் காற்று எழும்பின பிறகு ஒன்றுமே விளங்கவில்லையாம். கியூபெக் (Q) மஞ்சள் கொடியையும் சேர்த்து ஏற்ற வேண்டுமா?

கயிற்றுமுடிச்சு:
கடைசிக் கொடிதான் பிழை. சப்ஸ்டிட்யூட் முழு வரிசையையும் எண்ணாது, தனக்கு நேர் மேலே இருக்கிற இனத்தை மட்டும்தான் எண்ணும். 4 ஒரு எண் பெனன்ட் (நுனி குறுகின நீளக் கொடி), அது கணக்கில் வராது. எழுத்துக் கொடிகளில் ரோமியோ முதலாவது, டெல்டா இரண்டாவது. ஆகவே இரண்டாம் சப்ஸ்டிட்யூட் வேணும்: கயிற்றுப் பக்கம் நீலம், நுனிப் பக்கம் வெள்ளை. நீங்கள் கட்டினது வெள்ளையில் கறுப்புப் பட்டை, அதாவது மூன்றாவது எழுத்து. அப்படி ஒன்று உங்கள் வரிசையிலேயே இல்லை. நீல ஓரமும் மஞ்சள் நடுவும் உள்ள முதலாவதைக் கட்டியிருந்தால் இன்னும் மோசம், வேறு படகின் கோல் சைனாக வாசித்திருப்பார்கள்.

கியூபெக் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்து, கப்பலில் நோயில்லை, உள்ளே வர அனுமதி தாருங்கள் என்று கேட்கிறவருக்குத்தான் அது.

கொட்டியாரக்கரை:
கச்சான் மேற்கிலிருந்து அடிக்கும், கொடி கிழக்கே நீளும். கிழக்கே நிற்பவருக்கு நுனி மட்டும்தான் தெரியும். கொடிக்கு மருந்தில்லை. பார்ப்பவரை வடக்கே அல்லது தெற்கே, காற்றுக்குக் குறுக்காக நிற்கச் சொல்லுங்கள்.

தூரம் எவ்வளவு? நல்ல கண்ணுக்கு 1 கி.மீ.யில் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவே கிட்டத்தட்ட 29 செ.மீ. உங்கள் 30 செ.மீ. கொடி அங்கே வெறுங்கண்ணுக்கு ஒரு புள்ளிதான். 7 மடங்கு பைனாக்குலரில் 4 செ.மீ. வரை பிரியும், அதுவும் கை ஆடாவிட்டால்.

வெண்பாய்:
நன்றி அண்ணே. சில நேரம் கீழ்க் கொடிகள் இரண்டும் பாய்மரத்தைத் தாங்கும் கம்பியில் சுற்றிக்கொள்கின்றன. அதற்கு?

கொட்டியாரக்கரை:
கொடிக்கயிற்றின் கப்பி பாய்மரத்துக்குக் கிட்ட இருக்கிறதோ? இருந்தால் கீழ்ப் பக்கக் கம்பி கொடியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரெடரின் வெளிமுனைப் பக்கம் தள்ளுங்கள். கயிறு 5 மி.மீ. பின்னல் பொலியெஸ்டர் போதும். நைலோன் இழுபடும், ஒரு மணித்தியாலத்தில் தொய்யும், பிறகு கொடிகள் வில்லாக வளைந்து ஒன்றோடொன்று ஒட்டும். கயிற்றை முழு வளையமாக ஓட்டி, கீழே கிளீட்டில் (கயிறு கட்டும் கொம்பு) இறுக்கிக் கட்டுங்கள். ஒரு கொடியின் வால்கயிற்றுக்கும் அடுத்த கொடியின் மரக்குச்சிக்கும் நடுவே வெறும் கயிறு தொங்கக்கூடாது. இன்னொன்று, நடுவில் பிடி விட்டு டெல்டா மட்டும் மேலே மிஞ்சினால் அதன் அர்த்தமே வேறு: விலகிப் போ, எனக்குப் படகைத் திருப்புவது கஷ்டம்.

கயிற்றுமுடிச்சு:
4 பெனன்டையும் ஒருக்கால் பாருங்கள். சிவப்பில் வெள்ளைச் சிலுவை 4, வெள்ளையில் சிவப்புச் சிலுவை 8. உப்பு ஈரத்தோடு பையில் சுருட்டி வைத்தால் சிவப்புச் சாயம் வெள்ளைக்கு ஊறும், தூரத்தில் எது எதுவென்று தெரியாது. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள்.

கொடி வாசிக்கக் கரையில் ஆளில்லாத நேரம் விஎச்எஃப் ரேடியோவில் சேனல் 16தான் வழி. முதலில் படகின் பெயர், பிறகு கோல் சைன்.

வெண்பாய்:
இரண்டாம் சப்ஸ்டிட்யூட் மாட்டியாயிற்று. கப்பியை நாளைக்கு மாற்றுகிறேன், பைனாக்குலர்க்காரரை வடக்குக் கரைக்கு அனுப்புகிறேன்.