காலையில் திணறும் கார்ப்ரேட்டர் வண்டி: நம்ம பக்கத்து அனுபவங்கள்

மாருதி 800, தேன்கனிக்கோட்டை

மார்கழி பிறந்தால் எங்கள் பக்கம் பழைய பெட்ரோல் கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரே புலம்பல்தான். செல்ஃப் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் கியர் போட்டு ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் மூச்சு முட்டுகிறது, தெருமுனை திரும்புவதற்குள் ஆஃப் ஆகிறது, கொஞ்ச தூரம் ஓடிச் சூடேறிய பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி சூடாகிவிடுவதால் அவர் முன்னால் நல்ல பிள்ளையாக நிற்கும். அவரும் பாவம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்ரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றிவைத்து அனுப்புவார். மறுநாள் காலை பழைய கதைதான்.

என்னுடையது தொண்ணூறுகளில் வந்த 800, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்தே டெம்பரேச்சர் முள் எழும்பாது, கோடையில் ஓசூர் வரை ஓட்டிப் போனாலும் கீழேயேதான் கிடக்கும். சென்சார் போயிருக்கும் என்றார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் அதிகாலையில் வண்டியை நிற்கவைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோஸில் கை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட், அது சரியாக இருந்தால் அந்த ஹோஸ் முதலில் பச்சைத்தண்ணீராக இருக்கும், எஞ்சின் சூடான பிறகுதான் சட்டென்று கொதிக்கும். என் வண்டியில் முதல் நிமிடத்திலிருந்தே மெதுமெதுவாக வெதுவெதுப்பு ஏறியது. மூடியைக் கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, வெறும் பேக்கிங் மட்டும்.

யார் எடுத்தார்கள் என்று தெரியாது, ஆனால் ஏன் எடுத்திருப்பார்கள் என்று சொல்லிவிடலாம். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறும்போது வண்டி கொதித்திருக்கும், 'நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு' என்று பிடுங்கி எறிந்திருப்பார்கள். இந்த வைத்தியம் தமிழ்நாடு முழுக்க நடக்கிறது, எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு. அடைத்துக் கிடந்த ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டிய இடத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுகிறார்கள்.

இதற்கும் காலைத் திணறலுக்கும் என்ன சம்பந்தம் என்றால், 800-இல் கலவையை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் கூலன்ட், அதாவது எஞ்சினின் சூட்டுத்தண்ணீர், ஓடுகிறது. கார்ப்ரேட்டரிலிருந்து இறங்கும் பெட்ரோல் துளிகள் அந்தச் சூட்டில்தான் ஆவியாகின்றன. மேனிஃபோல்டு சில்லென்று இருந்தால் பெட்ரோல் சுவரிலேயே ஈரமாக ஒட்டிக்கொள்ளும், சிலிண்டருக்குப் போய்ச் சேரும் கலவையில் காற்றுதான் அதிகம் இருக்கும். அந்தக் குறையை ஈடுகட்டத்தான் சோக் இருக்கிறது, இழுத்தால் கலவையில் பெட்ரோல் கூடும். தெர்மோஸ்டாட் இல்லாத வண்டியில் அந்த ஈர நிலை முடியவே முடியாது, சோக்கை உள்ளே தள்ளினால் திணறும், இழுத்தே வைத்திருந்தால் பிளக் கறுத்துப் புகை கக்கும். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு சைலன்சர் மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து சூடான காற்று கொண்டுவரும் குழாயும் என் வண்டியில் காணாமல் போயிருந்தது. ஆக, சூடு தருகிற இரண்டு வழியையும் அடைத்துவிட்டு கார்ப்ரேட்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை எல்லாம் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டரை ஒட்டிய மேட்டு நிலம், அதனால் காலைக் குளிரும் அதிகம்; சென்னைக்காரர் இதே வண்டியை ஒரு தொல்லையும் இல்லாமல் ஓட்டிவிடுவார்.

புது தெர்மோஸ்டாட், பேக்கிங், குழாய் எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான். போட்ட பிறகு கார்ப்ரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸர் ஸ்க்ரூவைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. உங்கள் வண்டிகளில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள்.

பிரீமியர் பத்மினி, தர்மபுரி

அண்ணா, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் எல்லாத் திணறலும் தெர்மோஸ்டாட் இல்லை. என் பத்மினியில் அது ஒழுங்காகவே இருக்கிறது. எனக்கு வந்தது ஆக்சிலரேட்டர் பம்ப் கோளாறு, மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சுகிற கார்ப்ரேட்டரின் குட்டி பம்ப் அது. ஐடிலிங் நன்றாக நிற்கும், மெதுவாக மிதித்தால் போகும், கொஞ்சம் வேகமாக மிதித்தால் மட்டும் ஒரு நொடி செத்துப் பிழைக்கும். சூடான எஞ்சினில் அது பெரிதாகத் தெரியாது, குளிர்ந்த எஞ்சினில்தான் மானம் போகும். பார்க்கும் வழி சுலபம்: எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்ப்ரேட்டர் வாயைப் பார்த்தபடி லிங்க்கைக் கையால் இழுங்கள். இழுத்த அந்தக் கணமே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். எனக்குச் சொட்டியது. பிரித்தால் பம்பின் சவ்வான டயஃப்ரம் விறைத்துப்போய்க் கிடந்தது.

இந்த 20 சதவீத எத்தனால் பெட்ரோலையும் கணக்கில் வையுங்கள். 2023-இல் பெட்ரோல் பங்குகளுக்கு வர ஆரம்பித்தது. எத்தனால் ஆவியாக பெட்ரோலைவிட அதிகச் சூடு கேட்கும், அதனால் காலையில் கிளம்ப இன்னும் சிரமம். அதிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் மெலியும். புது வண்டியில் கம்ப்யூட்டர் சரிசெய்துகொள்ளும், நம் கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் துளைக்கு அது தெரியாது. பழைய ரப்பருக்கும் அது ஆகாது. ஹோஸ், டயஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிடுவது நல்லது.

அம்பாசிடர், பாலக்கோடு

அப்பா காலத்து வண்டி, சோலெக்ஸ் 32 பி.பி.ஐ.சி. கார்ப்ரேட்டர். இதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மாருதியில் சோக் என்றால் மேலே ஒரு தட்டு மூடும். சோலெக்ஸில் காற்றை மூடும் அந்தத் தட்டே கிடையாது, பக்கத்தில் தனியாகக் குட்டிக் கார்ப்ரேட்டர் மாதிரி ஒரு ஸ்டார்ட்டர் இருக்கிறது. எஞ்சின் இழுக்கும் வேகத்தில்தான் அது பெட்ரோலை உறிஞ்சும், அதற்கு ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் மூடியிருக்க வேண்டும். நம் ஆட்கள் சோக் குமிழை இழுத்துவிட்டு ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிப்பார்கள், உறிஞ்சும் சக்தி போய்விடும், பேட்டரி படுக்கும் வரை செல்ஃப் அடிப்பார்கள். காலை எடுத்துவிட்டு குமிழை முழுக்க இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள், பிடித்ததும் பாதிக்குத் தள்ளுங்கள், சூடானதும் மீதியை. என் மைத்துனர் இன்னும் நம்பவில்லை, வீட்டுக்கு வந்தால் மிதித்துக்கொண்டேதான் இருப்பார்.

வண்டி ஒரு வாரம் நின்றிருந்தால் கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் வற்றியிருக்கும். மெக்கானிக்கல் பெட்ரோல் பம்பில் இருக்கும் கை லீவரைச் சில முறை அடித்துவிட்டு அப்புறம் சாவியைத் திருப்புங்கள்.

ஆம்னி, கிருஷ்ணகிரி

எனக்கு ஏர் லீக். கார்ப்ரேட்டர் அடியில் இருக்கும் இன்சுலேட்டர் பேக்கிங் வெடித்திருந்தது. எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது கார்ப் கிளீனரை அடிப்பக்கம் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடித்தால், லீக் இருக்கும் இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும். சூடான சைலன்சர் மேல் பட்டால் தீப்பிடிக்கும், அதனால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள்.

தேன்கனிக்கோட்டை அண்ணாவுக்கு ஒரு கேள்வி. தெர்மோஸ்டாட் போட்ட பிறகு தொப்பூர் ஏறினீர்களா? மறுபடி கொதிக்கிறதா?

மாருதி 800, தேன்கனிக்கோட்டை

ஏறினேன், சித்திரை மாதம், நாலு பேரோடு. முள் பாதியைத் தாண்டவில்லை. தெர்மோஸ்டாட் 80 டிகிரிக்கு மேல் திறந்துவிடும், அதற்கப்புறம் தண்ணீரைக் குளிர்விக்கும் வேலை ரேடியேட்டருடையது, ஃபேனுடையது. போடுவதற்கு முன்னால் ரேடியேட்டரை ஃப்ளஷ் செய்து, ஃபேன் ஸ்விட்ச் சரியான சூட்டில் ஓட்டுகிறதா என்று பார்த்துவிட்டேன். புது தெர்மோஸ்டாட்டையும் வீட்டில் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாட்டினேன், கடையில் வாங்கியதே திறக்காமல் போவதும் உண்டு.

பாலக்கோடு நண்பரே, சோலெக்ஸ் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சின்னத் தட்டு தேய்ந்தால் தனியாகக் கிடைக்கிறதா, இல்லை முழுக் கார்ப்ரேட்டரே மாற்ற வேண்டுமா? இங்கே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.