லாகோஸுக்குப் பிறகு: சொக்கோவியா உடன்படிக்கையில் அவெஞ்சர்ஸ் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டுமா?

தராசு:
2016-ல் வந்த 'கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்' பற்றிப் பேச ஆரம்பித்தாலே கையெழுத்துப் போட்ட ஸ்டார்க் (அயன் மேன்) கட்சி, மறுத்த ராஜர்ஸ் (கேப்டன் அமெரிக்கா) கட்சி என்று பிரிந்துவிடுகிறோம். ஆளை விட்டுவிட்டு நடந்ததைப் பார்ப்போம். படம் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: லாகோஸில் ஒரு தொற்றுநோய் ஆய்வகத்திலிருந்து உயிரி ஆயுதத்தைத் திருட வந்த ரம்லோ என்ற வில்லனை அவெஞ்சர்ஸ் என்ற சூப்பர்ஹீரோ குழு மடக்குகிறது. ஆயுதம் மீட்கப்படுகிறது, ஆனால் அவன் உடம்பில் கட்டியிருந்த குண்டு வெடித்துப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தவர்கள் சாகிறார்கள். உதவிப் பணிக்கு வந்த, வகாண்டா என்ற கற்பனை ஆப்பிரிக்க நாட்டுக்காரர்களும் அதில் உண்டு. அதன் பிறகு 117 நாடுகள் சேர்ந்து சொக்கோவியா உடன்படிக்கையைக் கொண்டுவருகின்றன. அவெஞ்சர்ஸ் இனி தனி அமைப்பாக இயங்க முடியாது, ஐ.நா. குழு ஒன்று தேவை என்று சொன்னால் மட்டுமே களமிறங்கலாம்.

கையெழுத்துப் போட்டதுதான் சரி என்பது என் வாதம். லாகோஸ் காட்சியை மறுபடி ஓட்டிப் பாருங்கள். ராஜர்ஸ், நட்டாஷா, சாம், வாண்டா நாலு பேரும் காவல் நிலையம்தான் இலக்கு என்று நினைத்துக் காத்திருக்கிறார்கள். ஒரு குப்பை லாரி முழுப் பாரத்தோடு வருவதையும் ஓட்டுநரிடம் ஆயுதம் இருப்பதையும் கவனித்த பிறகுதான் விஷயம் புரிகிறது. அதற்குள் சண்டை சந்தைக்குள் போய்விட்டது. நைஜீரியப் போலீசுக்கு முன்தகவல் கொடுத்ததாகப் படத்தில் எங்கும் இல்லை. சந்தையைக் காலி செய்ய ஆளில்லை. ரம்லோ பழைய நண்பன் பக்கியின் பெயரை எடுத்ததும் ராஜர்ஸின் கவனம் சிதறுகிறது, அந்தக் கணத்தில் குண்டு வெடிக்கிறது. வாண்டா தன் மாய சக்தியால் அதை அடக்கி மேலே தூக்கும்போது பிடி நழுவுகிறது. தீயணைப்பு, மீட்புப் படையைக் கூப்பிடச் சொல்வது எல்லாம் முடிந்த பிறகுதான். சந்தையைச் சுற்றி ஒரு போலீஸ் வளையம் இருந்திருந்தால் அந்தக் கூட்டத்துக்குள் நின்று பேச்சுக் கொடுக்கும் நிலைமையே வந்திருக்காது.

வடகாற்று:
தராசு சார், முன்தகவல் கொடுக்கணும்னு சொல்றீங்க, ஏத்துக்கலாம். ஆனா ரம்லோ யாருன்னு யோசிங்க. ஷீல்டுங்கற உளவு அமைப்புக்குள்ளயே வருஷக்கணக்கா இருந்த, ஹைட்ராங்கற சதிக்கும்பலோட ஆள். அரசாங்க அலுவலகத்துல சொன்ன சேதி அவன் காதுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? 2014-ல வந்த 'விண்டர் சோல்ஜர்' படத்துல நடந்தது அதுதானே. மூணு ஹெலிகேரியரை (பறக்கும் போர்க்கப்பல்) மேலே ஏத்தி, பின்னாடி ஆபத்தா வரலாம்னு கணக்குப் போட்ட ஆட்களை முன்கூட்டியே கொல்ற திட்டம். அதை நடத்துன பியர்ஸ் தெருவுல போற ரவுடி இல்ல, உலகப் பாதுகாப்பு கவுன்சில்ல உக்காந்திருந்த மனுஷன்.

அதுக்கும் முன்னாடி, 2012-ல வந்த 'தி அவெஞ்சர்ஸ்' படம், நியூயார்க் மேல வேற்றுக்கிரகப் படை இறங்குது. அதே கவுன்சில்தான் மன்ஹாட்டன் மேல அணு ஏவுகணை போடச் சொன்னது. ஷீல்டு தலைவர் ஃபியூரி முடியாதுன்னார், அவரைத் தாண்டி உத்தரவு போச்சு. கிளம்புன ரெண்டு விமானத்துல ஒண்ணை அவரே ஓடுதளத்துலயே சுட்டு நிறுத்தினார். இன்னொண்ணு பறந்து ஏவிருச்சு. ஒரு நிமிஷத்துக்கும் குறைவான நேரம் இருக்கறப்ப ஸ்டார்க் அதைத் தோள்ல சுமந்து, அந்தப் படை வந்த விண்வெளி வாசலுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனதாலதான் நியூயார்க் பிழைச்சது. மேற்பார்வைக் குழு எடுத்த முடிவு நிறைவேறியிருந்தா சாவுக் கணக்கு என்ன ஆகியிருக்கும்? உடன்படிக்கையோட வந்த அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ராஸ் அவெஞ்சர்ஸுக்குப் போட்டுக் காட்டுன வீடியோவுல இந்த ஏவுகணை மட்டும் ஏன் இல்ல?

தராசு:
சரியான கேள்வி. ஆனால் 2012-க்கும் 2014-க்கும் பதில் சொல்ல 2015-ல் வந்த 'ஏஜ் ஆஃப் அல்ட்ரான்' இருக்கிறது. அல்ட்ரான் என்ற செயற்கை அறிவு ரோபோவை எந்தக் குழுவும் செய்யவில்லை. ஸ்டார்க்கும் பேனரும் சக அவெஞ்சர்களுக்கே சொல்லாமல் செய்தார்கள். சொன்னால் விவாதம் வரும், அதற்கு நேரமில்லை என்பதுதான் ஸ்டார்க்கின் காரணம். விளைவு, சொக்கோவியா என்ற கற்பனை நாட்டில் ஒரு நகரமே தரையிலிருந்து பெயர்ந்து மேலே போனது. கீழே விழாமல் தடுக்க அதை வானத்திலேயே உடைக்க வேண்டியிருந்தது. 'சிவில் வார்' திரையில் காட்டும் கணக்கு 177 உயிர். குழு தப்பான முடிவு எடுத்தது உண்மை. ஆனால் கேட்பாரில்லாமல் இரண்டு பேர் எடுத்த முடிவும் நகரத்தைத்தான் அழித்தது.

இன்னொன்று. எம்.ஐ.டி.யில் பேசிவிட்டு வரும் ஸ்டார்க்கை லிஃப்ட் பக்கத்தில் ஒரு தாய் நிறுத்துகிறாள். சொக்கோவியாவில் செத்த மகனின் படத்தை அவரிடம் கொடுக்கிறாள். கூட்டம் முடிந்து அவர் வெளியே வரும் வரை காத்து நின்றுதான் அவளால் கேட்க முடிகிறது. ஏனென்றால் மனுக் கொடுக்க ஓர் அலுவலகம் கிடையாது, வழக்குப் போட ஒரு நீதிமன்றம் கிடையாது. அவெஞ்சர்ஸின் பெரிய குறை இதுதான்.

படகோட்டி:
இடையில் ஒரு திருத்தம். இந்த விவாதத்தில் பலர் காமிக்ஸையும் படத்தையும் கலக்கிறார்கள். 2006-07 காமிக்ஸில் கனெக்டிகட்டின் ஸ்டாம்ஃபோர்டில் வெடிப்பு நடந்த பிறகு வருவது அமெரிக்கச் சட்டம். முகமூடிக்குப் பின்னால் இருப்பவர் தன் பெயரை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். ரகசிய அடையாளம்தான் அங்கே சண்டையின் மையம். படத்தில் வரும் அவெஞ்சர்ஸின் பெயர் பெரும்பாலும் ஊருக்கே தெரியும். அங்கே கேள்வி, யார் அனுப்புவது என்பது. இரண்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

கருங்குயில்:
தராசு, வடகாற்று இருவரும் ஒன்றைத் தாண்டிப் போகிறீர்கள். மேற்பார்வை என்றால் இரண்டு வேலை. போவதற்கு முன் அனுமதி தருவது ஒன்று, போய் வந்த பின் விசாரிப்பது இன்னொன்று. உடன்படிக்கையைப் பற்றிப் படத்தில் பேசப்படுவதெல்லாம் முதல் வேலை மட்டும். அந்த முதல் வேலைதான் நிஜ உலகில் மோசமாகத் தோற்றது.

1994 ஜனவரி 11. ருவாண்டாவில் ஐ.நா. படைத் தளபதி டலேர் நியூயார்க்குக்குத் தந்தி அனுப்புகிறார். ஆயுதக் கிடங்கு பற்றி உளவுத் தகவல் கிடைத்திருக்கிறது, 36 மணி நேரத்துக்குள் சோதனை போடப் போகிறேன் என்று. தலைமையகம் கூடாது என்றது. குடியரசுத் தலைவரிடம் போய்ச் சொல்லச் சொன்னது. ஏப்ரலில் இனக்கொலை தொடங்கியது.

போஸ்னியாவில் இருந்தது இரட்டைச் சாவி முறை. நேட்டோ விமானம் குண்டு போட வேண்டுமானால் நேட்டோவும் ஐ.நா.வும் இரண்டு பேரும் சரி என்று சொல்ல வேண்டும். ஐ.நா.வின் சாவி ராணுவத்திடம் இல்லை, அகாஷி என்ற சிவில் அதிகாரியிடம் இருந்தது. 1995 மே மாதம் ஐ.நா. வீரர்கள் பணயக் கைதிகளாகப் பிடிக்கப்பட்டதும் அந்தப் பக்கத்தில் தயக்கம் கூடியது. ஜூலை 11 அன்று ஸ்ரெப்ரெனிட்சா நகரம் போஸ்னிய செர்பியப் படையிடம் விழுந்தது. அன்று பிற்பகல் விமானங்கள் வந்தபோது காரியம் கைமீறிவிட்டது. 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். அந்த மாதக் கடைசியில்தான் ஐ.நா. சாவியைப் படைத் தளபதி ஜான்வியேயிடம் மாற்றினார்கள்.

அந்தக் குழுவில் யார் யார், எத்தனை வாக்கு வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குள் பதில் வரவேண்டும் என்று சிவில் வார் எங்கும் சொல்லவில்லை. இவை தெரியாமல் கையெழுத்துப் போடுவது ஆபத்து.

தராசு:
கருங்குயில், ருவாண்டாவில் டலேருக்குக் கையைக் கட்டியது மேற்பார்வை என்ற ஏற்பாடா, தலையிட மனமில்லாத நாடுகளா? ஏப்ரல் 21 அன்று பாதுகாப்புச் சபை அங்கிருந்த படையை 270 பேராகக் குறைத்தது. அனுமதி தாமதமான கதை அல்ல அது, கைவிட்ட கதை.

பின்விசாரணை போதும் என்பதுபோல் இருக்கிறது உங்கள் வாதம். 2015 அக்டோபர் 3, ஆப்கானிஸ்தானின் குந்தூஸ். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் மருத்துவமனை மீது அமெரிக்க ஏசி-130 விமானம் சுட்டது. செத்தவர்கள் 42 பேர். மருத்துவமனை இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பு முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. விசாரணை நடந்தது, சுட்ட ராணுவமே நடத்தியது. 16 பேர் மீது துறை நடவடிக்கை, குற்ற வழக்கு ஒன்றுகூட இல்லை. சுயேச்சையான சர்வதேச உண்மை கண்டறியும் ஆணையம் விசாரிக்கட்டும் என்று மருத்துவர்கள் கேட்டார்கள். அதற்கு அமெரிக்காவும் ஆப்கானிஸ்தானும் சம்மதிக்க வேண்டும், சம்மதம் வரவில்லை. ராணுவ விசாரணையின் அறிக்கை வெளியானது 2016 ஏப்ரல் கடைசியில், இந்தப் படம் அமெரிக்காவில் திரைக்கு வருவதற்குச் சில நாள் முன்பு. முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கட்டுப்படாதவர்களைப் பின்னால் விசாரிக்க யாராலும் முடியாது.

கருங்குயில்:
அதையே நானும் சொல்ல வருகிறேன். விசாரணைக்கு முன்கூட்டியே சம்மதம் எழுதி வாங்குங்கள், புறப்படுவதற்கு அனுமதி கேட்க வைக்காதீர்கள்.

ஐ.நா.வின் கீழே வந்தால் அந்தத் தாய்க்கு நியாயம் கிடைக்கும் என்று நினைப்பதும் சட்டப்படி நிற்காது. ஐ.நா.வுக்கு 1946 மாநாட்டு ஒப்பந்தப்படி வழக்கிலிருந்து விலக்கு உண்டு. ஹெய்ட்டியில் 2010-ல் மிரபலே அருகே இருந்த அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். 2013-ல் ஐ.நா. இழப்பீட்டு மனுக்களை ஏற்கவே முடியாது என்றது. 2016-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விலக்கை உறுதி செய்தது. பான் கி மூன் மன்னிப்புக் கேட்டது அந்த ஆண்டு டிசம்பரில். அமைதிப்படையால் சாதாரணமாக ஏற்படும் இழப்புக்கும் 1998 பொதுச்சபைத் தீர்மானத்தின்படி உச்சவரம்பு ஆளுக்கு 50,000 டாலர். இன்று ஸ்டார்க் மீது நியூயார்க்கில் வழக்காவது போடலாம். நாளை அவர் ஐ.நா. ஊழியர் என்றால் அந்த வழியும் அடைபடும்.

வடகாற்று:
கருங்குயில் சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. உடன்படிக்கை வந்ததும் நடந்தது என்ன? வியன்னாவுல கையெழுத்துக் கூட்டத்துல வெடிச்ச குண்டை பக்கிதான் வெச்சான்னு சொல்ல ஆதாரம் ஒரே ஒரு கேமரா படம். பக்கி மாதிரி முகமூடி போட்டு வந்தவன் வில்லன் ஜீமோ. பக்கியைக் கண்ட இடத்துல சுட உத்தரவு. பெர்லின்ல பிடிபட்ட பக்கியைப் பார்க்க மனநல மருத்துவர்னு சொல்லிக்கிட்டு உள்ள நுழைஞ்சவனும் அதே ஜீமோ, நிஜ மருத்துவரைக் கொன்னுட்டு வந்திருக்கான். அந்த ஆதாரத்தை ஸ்டார்க்கே ராஸுக்கு அனுப்பினப்ப ராஸ் காது கொடுக்கவே இல்ல. கடலுக்கு நடுவுல ராஃப்ட் சிறை, கழுத்துல பட்டையோட வாண்டா. வக்கீல் இல்ல, விசாரணை இல்ல, மேல்முறையீடு இல்ல. 117 நாடு போட்ட ஒப்பந்தத்தை நடத்துறது ஒரு நாட்டு வெளியுறவு அமைச்சர்.

தராசு:
ராஃப்டை நான் ஆதரிக்கவே மாட்டேன். நடத்தும் அதிகாரம் ஒரே நாட்டு அமைச்சரிடம் போனது அந்த ஆவணத்தின் பெரிய ஓட்டை. ஓட்டையைக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே இருந்து அடைக்கலாம் என்றுதான் ஸ்டார்க்கும் நட்டாஷாவும் நினைத்தார்கள். வெளியே போனவர்களால் அதில் ஒரு வரியைக்கூட மாற்ற முடியவில்லை.

2018-ல் வந்த 'இன்ஃபினிட்டி வார்' படத்தில் ராணுவ அதிகாரியான அவெஞ்சர் ரோட்ஸ் செய்ததையும் பாருங்கள். உடன்படிக்கையில் உறுதியாக நின்ற ஆள் அவர். ராஜர்ஸைக் கைது செய் என்று ராஸ் உத்தரவு போட்டதும் தொடர்பைத் துண்டித்துவிட்டு, இதற்கு ராணுவ நீதிமன்றம்தான் என்று தானே சொல்கிறார். மீறினார், மீறியதற்குப் பதில் சொல்லவும் தயாராக இருந்தார். கையெழுத்துப் போட்டவரால்தான் அப்படி நிற்க முடியும்.

வடகாற்று:
நிக்கத் தயார்தான், சார். அந்த நீதிமன்றத்துல புகார் கொடுக்கறவர் ராஸ், சாட்சி ராஸ், தண்டனையை நிறைவேத்துற சிறையும் ராஸ் கையில. அந்த மூணையும் மூணு பேர்கிட்ட பிரிச்சு எழுதுன உடன்படிக்கையைக் கொண்டுவாங்க, அதுக்கப்புறம் ராஜர்ஸ்கிட்ட பேனாவை நீட்டலாம்.